ஆசிரியர் வாசிப்பு வட்டம்: தொடங்குவதும் கெடாமல் ஓட்டுவதும்

ஆசிரியர் என்பவர் காலையிலிருந்து மாலை வரை வாசித்துக்கொண்டேதான் இருக்கிறார். பாடநூல், கட்டுரை நோட்டு, சுற்றறிக்கை, எமிஸ் என்ற துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய விவரம், 'மிக அவசரம், உடனே அனுப்பவும்' என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் செய்தி. மாலை மணி அடித்த பிறகு, "வாசிக்கிற பழக்கம் உண்டா டீச்சர்?" என்று யாராவது கேட்டால் சிரிப்புதான் வரும். இங்கே பேசப்போவது வேறு வாசிப்பு. யாரும் சொல்லாமல், யாருக்கும் கணக்குக் காட்டாமல், பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் புத்தகத்தைக் கையில் எடுப்பது, அதற்காகச் சக ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறை வட்டமாகக் கூடுவது.

அந்த வாசிப்பு நின்றுபோனால் வகுப்பில் தெரியும். 2004-ல் அமெரிக்காவில் ஆப்பிள்கேட் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரண்டு ஆய்வாளர்கள், ஆசிரியர் பயிற்சி பெறுபவர்களின் வாசிப்புப் பழக்கத்தை ஆராய்ந்து 'பீட்டர் விளைவு' என்று ஒரு பெயர் வைத்தார்கள். பைபிளில் தன்னிடம் பிச்சை கேட்டவரைப் பார்த்து 'வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை' என்று சொல்கிறாரே, அந்தப் பேதுருதான் இந்தப் பீட்டர். தன்னிடம் இல்லாத வாசிப்பு ஆசையை ஆசிரியர் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார் என்பது அவர்கள் கேள்வி. நம் பக்கம் இதை ஆராய்ச்சி இல்லாமலே சொல்லிவிட்டார்கள்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

சட்டியை நிரப்பப் பயிற்சிகளும் இருக்கத்தான் செய்கின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சி வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனாலும் அக்கம்பக்கப் பள்ளிகளுக்கான குறுவள மையத்தில் (சி.ஆர்.சி.) நடக்கும் கூட்டம், எண்ணும் எழுத்தும் பயிற்சி, இணையவழிப் பயிற்சி என்று இங்கும் மணிக்கணக்குக்குக் குறைவில்லை. அந்தக் கணக்கில் பொழுதுபோக்கு வாசிப்பு வராது, வரவும் வேண்டாம். அறிக்கை, கையொப்பம், புகைப்படம் என்று ஏதாவது ஒன்றை அதற்குக் கேட்ட அன்றே அதுவும் ஒரு வேலையாகிவிடும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொன்றிலும் ஒரே எச்சரிக்கை உண்டு: வாசிப்பு ஓய்வாகவே இருக்கட்டும், தொழிலுக்கான பலன் பக்கவாட்டில் வந்து சேரட்டும்.

முதலில் உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள்

"நேரமில்லை" என்பதை அப்படியே நம்ப வேண்டாம், அப்படியே தள்ளவும் வேண்டாம். கையில் கிடைத்த ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, போனில் 10 நிமிடம் அலாரம் வைத்து, அவசரப்படாமல் வாசியுங்கள். எத்தனை பக்கம் என்று எண்ணுங்கள். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் டெம்மி அளவில் வருகின்றன. அதில் 10 நிமிடத்துக்கு 6, 7 பக்கம் வந்தால் சரியான வேகம்தான். 15 நிமிடத்துக்கு 10 பக்கம் என்று வைத்துக்கொண்டால், 160 பக்க நாவல் 16 நாளில் முடியும். மாதத்துக்கு ஒரு புத்தகம், இடையில் ஒரு வாரம் அரைகுறையாகப் போனாலும்கூட. 'தினமும் ஒரு மணி நேரம்' என்று ஆரம்பிப்பவர்கள் பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். கால் மணி நேரம் போதும், விடாமல் இருந்தால்.

10 நிமிடத்தில் மூன்று பக்கம் தாண்டவில்லை, எழுத்து மங்குகிறது, புத்தகம் தானாகக் கண்ணை விட்டுத் தள்ளிப் போகிறது என்றால் வாசிப்பு ஆர்வம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வெள்ளெழுத்தாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது வரும். கரும்பலகை தூரத்தில் இருப்பதால் வகுப்பில் எந்தச் சிரமமும் தெரியாது. இரவு புத்தகத்தை விரித்தால்தான் காட்டிக்கொடுக்கும். "இப்பல்லாம் படிக்க மனசு வரல" என்று சொல்பவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது ஒரு வாசிப்புக் கண்ணாடி. கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

நேரம் எங்கே கிடைக்கும்? ஓய்வுப் பாடவேளையை நம்பாதீர்கள். அது பாதி நாள் வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போய்விடும், மீதி நாள் நோட்டுத் திருத்தப் போய்விடும். மதுரையில் குடியிருந்துகொண்டு உசிலம்பட்டி, சேடப்பட்டி, கொட்டாம்பட்டிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்துதான் பெரிய வாய்ப்பு. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஓடும் பேருந்தில் வாசித்தால் பலருக்குத் தலை சுற்றும். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல் அது. பின்சீட்டிலும் சக்கரத்துக்கு மேலுள்ள சீட்டிலும் ஆட்டம் கூடுதல். முன்பாதியில் உட்காருங்கள், புத்தகத்தை மடியில் வைத்துக் குனியாமல் நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள், பக்கத்துக்கு ஒருமுறை வெளியே தூரத்தில் பாருங்கள். நாவலைவிடச் சிறுகதையும் கட்டுரையும் இதற்கு ஒத்துவரும், நாலு பக்கத்தில் ஒரு நிறுத்தம் கிடைத்துவிடும். அப்படியும் முடியாதவர்கள் ஒலிப்புத்தகம் கேட்கலாம். கேட்பதும் கணக்கில் சேரும்.

எதை எடுப்பது

நல்ல புத்தகம் என்று எல்லோரும் சொல்லும் 700 பக்க நாவலை முதல் மாதமே எடுப்பது தவறு. இரண்டு வருடமாக வாசிக்காதவர் 120 முதல் 160 பக்கத்துக்குள் ஒன்றை எடுக்கட்டும். கடையிலோ நூலகத்திலோ நின்றபடி முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் வாசித்துப் பாருங்கள். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். சரக்கு நடுப்பக்கத்தில் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து 40 பக்கம் தாண்டியும் இழுக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்பது தேர்வுக்குப் படித்த காலத்துப் பழக்கம்.

வகையில் உயர்வு தாழ்வு பார்க்க வேண்டாம். துப்பறியும் கதை வாசிக்கும் கணக்கு ஆசிரியர், விடையை எங்கே ஒளித்துவைத்து எந்த இடத்தில் ஒரு துப்பை மட்டும் நழுவவிடுவது என்று அவருக்கே தெரியாமல் கற்றுக்கொள்கிறார். சூத்திரத்தை முதலில் எழுதிப்போட்டுவிட்டுக் கணக்குப் போடும் பாடத்தைவிட, சூத்திரத்தைக் கடைசிவரை மறைத்துவைக்கும் பாடம் பிள்ளைகளை உட்காரவைக்கும். சமையல், பயணம், கிரிக்கெட், விவசாயம், வாழ்க்கை வரலாறு எதுவாகவும் இருக்கட்டும். ஒரே ஒரு யோசனை: நாலு புத்தகத்தில் ஒன்றாவது உங்கள் பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாததாக இருக்கட்டும். தமிழாசிரியர் இலக்கியம் மட்டும், அறிவியல் ஆசிரியர் அறிவியல் மட்டும் என்று போனால் அது பாடத் தயாரிப்பின் தொடர்ச்சியாகிவிடும்.

பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது சிறுவர் புத்தகம். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் அவற்றைத் தானும் வாசித்திருக்க வேண்டும். ஒன்று வாசிக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஒரே மாலையில் எட்டு, பத்து முடித்துவிடலாம். "சார், இதே மாதிரி இன்னொண்ணு தாங்க" என்று ஒரு பையன் வந்து நிற்கும்போது, எதைக் கொடுப்பது என்று தெரிந்திருப்பது தொழில்திறமைதான், எந்தப் பயிற்சிச் சான்றிதழிலும் இல்லாவிட்டாலும். துறை நடத்தும் 'கனவு ஆசிரியர்' மாத இதழும், பிள்ளைகளுக்கான 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களும் பல பள்ளிகளில் கட்டுப் பிரிக்காமலே கிடக்கின்றன. ஆசிரியர் அறை மேசையில் ஒரு பிரதியைப் பிரித்துப் போட்டு வையுங்கள், போதும்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

மதுரைக்காரர்களுக்கு இதில் குறையில்லை. புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு, வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். அங்கே போனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, பத்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, எதை வாங்கலாம் என்று குறித்துக்கொண்டு வருவது நல்ல உத்தி. வீட்டுக்கு எடுத்துச்செல்லச் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகமும், ஊரில் உள்ள கிளை நூலகமும், ஊர்ப்புற நூலகமும் இருக்கின்றன. வேலை பார்க்கும் ஊரில் உறுப்பினராவதா, குடியிருக்கும் ஊரிலா? குடியிருக்கும் ஊரில். திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் பெரும்பாலும் விடுமுறையில்தான் வந்து நிற்கும். பழைய இலக்கண, இலக்கியப் பதிப்புகளைத் தேடுகிறவர்கள் 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தை மறக்க வேண்டாம்.

போனில் வாசிப்பவர்களுக்கு: 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களிலிருந்து சென்ற நூற்றாண்டு எழுத்து வரை மின்னூலாக இலவசமாகத் தருகிறது. பெயரில்தான் மதுரை, வேலை செய்தவர்கள் உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகளின் படங்களே கிடைக்கும். நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் எழுத்தையும், எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்களையும் யாரும் பகிரலாம். நேற்று வெளிவந்த நாவலின் திருட்டு பி.டி.எஃப். வேறு விஷயம். வகுப்பில் 'காப்பி அடிக்காதே' என்று சொல்லிவிட்டு வாட்ஸ்அப்பில் அதைத் தள்ளிவிடுவது நன்றாக இல்லை.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்குவதுதான் கையைக் கடிக்காத வழி. வழக்கமாக 10 சதவீதம் கழிவு உண்டு. ஆனால் பட்டியல் இல்லாமல் போகாதீர்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் தள்ளப்பட்டு, கைக்கு எட்டியதை வாங்கி, வீட்டில் பிரிக்காமல் வைப்பதுதான் நடக்கும். வேலைநாள் மாலையில் போங்கள். பட்டியலில் ஐந்து, பட்டியலுக்கு வெளியே ஒன்று. அந்த ஒன்றுதான் பெரும்பாலும் முதலில் வாசிக்கப்படும்.

வட்டம் கூட்டுவது

தனியாக வாசிப்பவர் வாசித்துக்கொண்டே இருப்பார், அவருக்கு வழிகாட்டி வேண்டாம். நின்றுபோனவர்களுக்குத்தான் ஆள் துணை வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. நாலு பேர் என்றால் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லாத மாதம் கூட்டமே இல்லை. பன்னிரண்டு என்றால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். ஒரே பள்ளியில் ஆள் தேறாது என்றால் ஒரு குறுவள மையத்துக்கு உட்பட்ட பள்ளிகளிலிருந்து சேருங்கள். மேலூர், அலங்காநல்லூர், டி.கல்லுப்பட்டி, எந்த ஒன்றியமானாலும் சி.ஆர்.சி. கூட்டத்தில் எப்படியும் எல்லோரும் சந்தித்துக்கொள்கிறார்கள். தொடக்கப்பள்ளி ஆட்களையும் உயர்நிலைப்பள்ளி ஆட்களையும் கலந்து வையுங்கள். ஐந்தாம் வகுப்பில் பிள்ளை எப்படி வாசித்தான் என்பது ஆறாம் வகுப்பு ஆசிரியருக்குத் தெரிய வேறு வழியே இல்லாமல் போயிருக்கிறது.

இடம் பள்ளியாக இருக்க வேண்டாம். பள்ளி வளாகத்தில் உட்கார்ந்தால் இருபது நிமிடத்தில் பேச்சு பதவி உயர்வுக்கும் இடமாறுதல் கலந்தாய்வுக்கும் போய்விடும். கிளை நூலகம், பூங்கா, ஒருவர் வீட்டு மொட்டை மாடி, எதுவானாலும் எல்லோருக்கும் பேருந்து கிடைக்கும் இடமாகப் பாருங்கள். நேரம் மாதத்தின் ஒரு சனிக்கிழமை மாலை 4 முதல் 5.15 வரை. ஐந்தேகால் என்றால் ஐந்தேகால். பெண் ஆசிரியர்களுக்கு வீட்டில் அடுத்த வேலை காத்திருக்கிறது. ஒருமுறை ஆறரை வரை இழுத்துவிட்டால் அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

75 நிமிடம் இப்படிப் பிரியட்டும். முதல் பத்து நிமிடம் டீ அல்லது பருத்திப்பால், ஊர்ப்பேச்சு, புலம்பல், எல்லாம். இதைத் தடுக்காதீர்கள், தடுத்தால் நடுவில் வரும். அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் பேசாமல் வாசிப்பது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அந்த மாதம் புத்தகத்தைத் தொடாதவரும் குற்ற உணர்ச்சி இல்லாமல் உட்கார முடிவது இந்தப் பத்து நிமிடத்தால்தான். பிறகு 40 நிமிடம் பேச்சு. ஆளுக்கு நாலு நிமிடம் முதல் சுற்று. மீதி நேரம் எது சூடு பிடிக்கிறதோ அது. கடைசிப் பதினைந்து நிமிடம் புத்தகம் கைமாற்றுவது, குறிப்பது, கிளம்புவது.

முதல் சுற்றில் கதைச் சுருக்கம் சொல்லக் கூடாது என்பது ஒரே கண்டிப்பான விதி. சுருக்கம் சொல்ல ஆரம்பித்தால் நமக்குள் இருக்கும் ஆசிரியர் எழுந்துவிடுவார், பாடம் ஆரம்பித்துவிடும். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் தன் புத்தகத்தில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கட்டும். பிறகு 'இந்த இடத்தில் ஏன் நின்றேன்' என்று இரண்டு வாக்கியம். அவ்வளவுதான். எல்லோரும் ஒரே புத்தகம் வாசிக்கும் முறையும் உண்டு. ஆனால் எட்டுப் பிரதி வேண்டும், எட்டுப் பேருக்கும் பிடிக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் அவரவர் புத்தகம்.

பணம்: மாதம் ஆளுக்கு 100 ரூபாய் போட்டால் எட்டுப் பேருக்கு 800, பத்து மாதத்துக்கு 8,000. வட்டத்தின் பொதுப் புத்தகங்களுக்கு இது தாராளம். கணக்கை ஒரே ஆள் வைத்திருக்கட்டும், ஆண்டுக்கு ஒருமுறை ஆள் மாறட்டும். யாரும் தலைவர், செயலாளர் ஆக வேண்டாம். அந்தந்த மாதம் ஒருவர் நேரம் பார்ப்பவர், அதுவும் பணியில் இளையவராக இருந்தால் நல்லது. முப்பது வருடம் பணியாற்றிய தலைமையாசிரியரை, அதாவது ஹெச்.எம்.மைப் பார்த்து "சார், நாலு நிமிஷம் ஆச்சு" என்று அவர் சொல்லிப் பழகுவது அவருக்கும் நல்லது, ஹெச்.எம்.முக்கும் நல்லது.

மூன்று வரிக் குறிப்பு, வகுப்பில் ஒரு கேள்வி

வாசித்தது வகுப்புக்கு எப்படிப் போகிறது? பாடக்குறிப்பில் ஏற்றி அல்ல. சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் 80 பக்க நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்கு மூன்று வரி, அதற்கு மேல் வேண்டாம். முதல் வரி: பக்க எண்ணோடு, உங்களை நிறுத்திய ஒரு சொல்லோ வாக்கியமோ. இரண்டாவது: அது எதை நினைவுபடுத்தியது. மூன்றாவது: பிள்ளைகளிடம் கேட்கத் தோன்றும் ஒரு கேள்வி. மூன்றாவது வரி வராவிட்டால் காலியாக விடுங்கள். நாலு புத்தகத்தில் ஒன்றுக்கு வந்தாலே லாபம்.

மேலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர் முல்லைப் பெரியாறு அணை கட்டிய வரலாற்றை ஓய்வு நேரத்தில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டிய பொறியாளர் பென்னிகுவிக், 1895, மேற்கே ஓடிய ஆற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. அவர் நோட்டில் இப்படி இருக்கலாம்:

ப. 62: மலையைக் குடைந்த சுரங்கம்.
நம்ம பள்ளிக்குப் பின்னாடி ஓடுற கால்வாய்.
'இந்தத் தண்ணி எங்கேருந்து கிளம்புச்சு?'

அந்த மூன்றாவது வரிதான் வகுப்பில் முதல் ஐந்து நிமிடம். பிள்ளைகள் "கண்மாயிலேர்ந்து" என்பார்கள். கண்மாய்க்கு? "கால்வாயிலேர்ந்து." கால்வாய்க்கு? இரண்டு பேர் வைகை அணை என்பார்கள். 1959-ல் திறந்த அணை அது; அதற்கு முன்பே அறுபது வருடத்துக்கு மேலாகப் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது என்றதும் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். அதற்கு மேல் பாடநூல் தானாக ஓடும். அந்த ஆசிரியர் பாடத்துக்காகத் தேடிப் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தேடியிருந்தால் ஆண்டும் பெயரும் கிடைத்திருக்கும். அவரையே முதலில் வியக்கவைத்த அந்த இடம் கிடைத்திருக்காது. ஆசிரியர் உண்மையில் வியந்ததும் வியந்த மாதிரி நடிப்பதும் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்.

வாய்விட்டு வாசிப்பது இரண்டாவது வழி, எந்தப் பாட ஆசிரியரும் செய்யலாம். வாரத்தில் ஒருநாள், பாடவேளையின் கடைசி மூன்று, நான்கு நிமிடம். டெம்மி அளவில் ஒரு பக்கத்தை நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ஆகவே ஒன்றரைப் பக்கம் போதும். முதல் நாள் இரவு ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல் நாக்கில் இடறுகிறது என்று தெரிந்துவிடும். அங்கே பென்சிலால் ஒரு சிறு கோடு. பேச்சுவழக்கில் எழுதியிருந்தால் பேச்சுவழக்கிலேயே வாசியுங்கள், எழுத்துத் தமிழுக்குத் திருத்தாதீர்கள். முடிகிற இடத்தில் முடிக்காதீர்கள், அதற்கு இரண்டு வரி முன்பு புத்தகத்தை மூடுங்கள். புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போங்கள். முக்கியமாக, வாசித்ததிலிருந்து கேள்வி கேட்காதீர்கள். 'இதிலிருந்து நீங்கள் அறிந்த நீதி என்ன?' என்று கேட்டால் அடுத்த வாரம் ஒருவனும் காது கொடுக்கமாட்டான்.

வருடத்தில் ஒருமுறை வட்டத்தோடு ஒரு இடத்துக்குப் போய் வரலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது, ஊரிலிருந்து பக்கம். இன்னும் அமைதி வேண்டுமென்றால் மாங்குளம் மலை: 1882-ல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகள், அதில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர். இல்லையென்றால் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022-ல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி. போவதற்கு முன் அந்த இடத்தைப் பற்றி ஆளுக்கு ஏதாவது பத்துப் பக்கம் வாசித்துவிட்டு வர வேண்டும், ஒரே பத்துப் பக்கமாக இருக்கக் கூடாது. மாங்குளம், அரிட்டாபட்டி என்றால் காலை ஏழு மணிக்குள் மலை ஏறிவிடுங்கள். பத்து மணிக்குப் பாறை கொதிக்கும்.

எங்கே கெடுகிறது

பூட்டிய பீரோவில்தான் முதலில் கெடுகிறது. பள்ளி நூலகத்துப் புத்தகங்கள் வெளியே வராததற்குச் சோம்பல் காரணமில்லை, பயம். இருப்புப் பதிவேட்டில் உள்ளது தணிக்கையில் இல்லையென்றால் பொறுப்பாசிரியர் கையிலிருந்து காசு போகுமோ என்ற பயம். இதற்குப் புத்திமதி உதவாது, வழிமுறைதான் உதவும். 40 பக்க நோட்டு ஒன்றைக் கொடுக்கல் பதிவேடாகப் போடுங்கள்: தேதி, புத்தக எண், பெயர், கையொப்பம், திரும்பிய தேதி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் சரிபார்ப்பு. கிழிந்ததற்கும் தொலைந்ததற்கும் என்ன செய்வது என்று ஹெச்.எம்.மிடம் தொடக்கத்திலேயே பேசி, பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அவர் கையொப்பத்தை வாங்கிவையுங்கள். பயம் பாதி குறையும். மீதிப் பாதி, ஒரு வருடம் சுற்றி எல்லாம் திரும்பி வந்ததும் குறையும்.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. வட்டத்துக்கு என்று தொடங்கும் குழு மூன்றே வாரத்தில் காலை வணக்கம், பி.டி.எஃப். மூட்டை, சங்க அறிவிப்பு என்று நிறைந்துவிடும். நூறு பி.டி.எஃப். வந்தால் ஒன்றைக்கூட யாரும் திறப்பதில்லை. சேமித்ததையே வாசித்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. நேரமும் இடமும் மட்டும் அறிவிக்கும் குழுவாக வையுங்கள், அட்மின் மட்டும் பதிவிடும்படி.

கூட்டத்திலேயே கெடுவதும் உண்டு. நன்றாகப் பேசுகிற ஒருவர், பட்டிமன்றப் பழக்கம் உள்ளவர், 25 நிமிடம் எடுத்துக்கொள்வார். எல்லோரும் ரசிப்பார்கள். மூன்றாவது மாதம் மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். நேரம் பார்ப்பவர் இருக்கிறாரே என்று விடாதீர்கள்; அந்தப் பேச்சாளரைக் கடைசியாகப் பேசவையுங்கள், அதிலேயே பாதி சரியாகும். சாதி, மதம், கட்சி பற்றிய புத்தகங்களைத் தவிர்க்க வேண்டியதில்லை, தவிர்த்தால் வாசிக்க என்ன மிஞ்சும்? சூடு ஏறும்போது 'எந்தப் பக்கம், எந்த வரி' என்று கேளுங்கள். வரியைத் தேடும் அரை நிமிடத்தில் குரல் இறங்கிவிடும்.

கடைசியாக, நல்லெண்ணத்தால் கெடுவது. வட்டம் ஆறு மாதம் நன்றாக ஓடினால் மேலேயிருந்து யாராவது பாராட்டுவார்கள். அடுத்து 'எல்லாப் பள்ளிகளிலும் செய்யலாமே, மாதம் ஒரு அறிக்கை கொடுங்கள்' என்பார்கள். மரியாதையாக, "விரும்பி வர்றவங்க மட்டும் வர்றோம் சார், கேட்கிறவங்களுக்கு எப்படி நடத்துறோம்னு சொல்லித் தர்றோம்" என்று சொல்லிவிடலாம். வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு கூட்டம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்த் தன் ஊரில் ஒன்று தொடங்கினால் அதுவே பரவும் வழி.

ஆண்டுக் கணக்கு

ஜூனில் தொடங்காதீர்கள், சேர்க்கையும் பாடநூல் வழங்கலும் ஆளை விழுங்கிவிடும். ஜூலை முதல் சனிக்கிழமை நல்ல தொடக்கம். அரையாண்டுத் தேர்வு வரும் டிசம்பரில் பேச்சு வேண்டாம், புத்தகக் கைமாற்றம் மட்டும் அரைமணி நேரம். மார்ச்சில் பொதுத்தேர்வுப் பணி, அதனால் விடுமுறை. சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் எந்தக் கூட்டமும் கூடாது, முயற்சியே செய்யாதீர்கள். அதற்கு முன்பாக ஒருநாள் கூடி, பொதுப் புத்தகங்களை மே மாதத்துக்கு ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கட்டும்: வாசித்தவர் பெயர், தேதி, நின்ற பக்கம். ஜூலையில் புத்தகம் திரும்பும்போது முதலில் அந்தச் சீட்டைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று பேர் நின்றிருந்தால், புதிய ஆண்டின் முதல் பேச்சு அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.